நீண்ட ஆங்கிலச் சொல்லை எங்கே உடைப்பது?

கேள்வி இது: "ஃபோட்டோகிராஃபர் என்ற சொல்லை அகராதி ஒரு விதமாகப் பிரிக்கிறது. பள்ளி ஆசிரியர் வேறு விதமாகப் பிரிக்கிறார். பொருளைப் பார்த்தால் ஃபோட்டோ, கிராஃப், அர் என்று மூன்றாவதாக ஒன்று வருகிறது. எது சரி? அழுத்தம் எங்கே விழும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏழு வயது மகளுக்குக் கைதட்டி அசை எண்ணச் சொல்லித் தருகிறார்கள், அதனால் பயன் உண்டா?"

மூன்று பிரிப்பும் சரிதான். வேறு வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை, அவ்வளவுதான். வாயால் சொல்லும்போது ஒரு சொல் உடையும் இடம் வேறு, பொருளால் உடையும் இடம் வேறு, அச்சில் வரி முடியும்போது கோடு போட்டு உடைக்கும் இடம் வேறு. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒன்றாக வருவது சின்னச் சொற்களில்தான். சொல் நீள நீள ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். ஒன்றின் விதியை இன்னொன்றில் போட்டுப் பார்ப்பதால்தான் குழப்பமே.

முதலில் 'அசை' என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் யாப்பிலக்கணத்தில் 'கலாம்' என்பது ஒரே அசை, நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு: க, லாம். உயிரொலி எத்தனை தடவை வருகிறதோ அத்தனை சிலபிள். இங்கே நான் அசை என்று எழுதுவது சிலபிளைத்தான், நேர் நிரையை அல்ல. அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்று ஒரு சின்னக் கோடு போடுகிறேன். அகராதிகள் உச்சரிப்பில் போடும் அதே குறி.

அசையை எழுத்தை வைத்து எண்ண முடியாது. 'ஏரியா' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, அசை மூன்று. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதற்கு ஒன்பது எழுத்து, அசை ஒன்றுதான். நமக்கு இந்த இரண்டாவது வகைதான் கஷ்டம். தமிழில் சொல்லுக்கு முன்னால் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது, வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் நாக்கு தானாக ஓர் உயிரை நுழைத்துவிடுகிறது. ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது, பஸ் 'பஸ்ஸு' ஆகிறது, ஓரசையான ஃபில்ம் நம் வாயில் ஈரசை 'ஃபிலிம்' ஆகிறது. ஆங்கிலேயர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள், எழுத்தில் இருக்கும் உயிரையும் விழுங்கிவிடுவார்கள். 'கம்ஃபர்டபிள்' எழுத்தில் நான்கு அசை போலத் தெரியும், பேச்சில் பெரும்பாலும் மூன்று: ˈகம்ஃப்-ட-பிள். 'சாக்லேட்' இரண்டே அசை, ˈசாக்-லட்.

சரி, அழுத்தத்துக்கு வருவோம். உண்மையில் கேள்வியின் கனமான பகுதி இதுதான். அசை எண்ணிக்கையில் ஒன்று கூடக்குறைய இருந்தாலும் ஆள் புரிந்துகொள்வான். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே வேறாகக் கேட்கும்.

தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறாது. நமக்குப் பொருளை மாற்றுவது குறில் நெடில்: பல், பால். அதனால் நாம் எந்த ஆங்கிலச் சொல்லையும் முதல் அசையில் லேசாகத் தட்டி, மற்ற எல்லா அசைக்கும் முழு மதிப்பு கொடுத்து வாசிக்கிறோம். 'டெவலப்மென்ட்' என்று நான்கு அசையும் தெளிவாக, முதலில் அழுத்தி. ஆங்கிலத்தில் அது டி-ˈவெ-லப்-மன்ட். 'கமிட்டி' அங்கே க-ˈமி-டி. 'ஹோட்டல்' ஹோ-ˈடெல்.

அழுத்தம் என்றால் சத்தமாகச் சொல்வது மட்டும் அல்ல. அழுத்தம் பெறும் அசை நீளும், சுருதி மாறும், உயிரொலி முழுசாகக் கேட்கும். அழுத்தம் பெறாத அசைகளில் உயிரொலி பெரும்பாலும் கரைந்து ஒரு மங்கலான 'அ' ஆகிவிடும். எழுத்தில் ஏ இருந்தாலும் ஓ இருந்தாலும் ஈ இருந்தாலும் அதே மங்கல் ஒலிதான். நம்மிடமும் தேய்ந்த உயிர் உண்டு. காடு, பாக்கு போன்ற சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறையும், அதைக் குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள். ஆனால் நம்மிடம் அது சொல்லின் ஓரத்தில், ஓர் உயிருக்கு மட்டும் நடப்பது. ஆங்கிலத்தில் சொல்லின் நட்டநடுவிலும் நடக்கும், எல்லா உயிருக்கும் நடக்கும்.

இப்போது கேள்வியில் இருந்த சொல்லையே அதன் குடும்பத்தோடு பார்க்கலாம்.

ˈஃபோ-ட-கிராஃப்.
ஃப-ˈடாக்-ர-ஃபர்.
ஃபோ-ட-ˈகிராஃ-பிக்.

முதல் சொல்லில் முழுசாக ஒலித்த 'ஃபோ' இரண்டாவதில் வெறும் 'ஃப' ஆகிவிட்டது. முதலில் மங்கிக் கிடந்த 'ட' இரண்டாவதில் எழுந்து 'டா' ஆகி முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டது. மூன்றாவதில் அழுத்தம் இன்னும் ஓர் அசை வலப்பக்கம் போய்விட்டது. பொருள் கூறுகள் மாறவே இல்லை, மூன்றிலும் ஒளி என்ற கிரேக்கக் கூறும் எழுத்து அல்லது வரைவு என்ற கிரேக்கக் கூறும்தான். ஆனால் இரண்டாவது சொல்லில் 'கிராஃப்' என்ற கூறு மூன்று துண்டாக உடைந்து, அதன் 'க்' முன் அசையோடும் 'ஃப்' பின் அசையோடும் போய்விட்டது. ஒலிப் பிரிப்பும் பொருள் பிரிப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்விக்கு இந்த ஒரு சொல்லே போதும்.

அழுத்தத்தை நகர்த்துவது எது? சொல்லின் வால்தான், அதாவது பின்னொட்டு. நீண்ட ஆங்கிலச் சொல்லை நாம் இடமிருந்து வாசிக்கத் தொடங்குகிறோம். அழுத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கண் முதலில் வலது ஓரத்துக்குப் போக வேண்டும். இதை மட்டும் பழக்கப்படுத்திக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட நீளச் சொற்கள் வழிக்கு வந்துவிடும் என்பது என் அனுபவம்.

வால்கள் மூன்று சாதி. முதல் சாதி சாது: நெஸ், லெஸ், ஃபுல், லி, இங், ஹுட், ஷிப், மென்ட். இவை எத்தனை ஒட்டினாலும் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். ˈகேர், ˈகேர்-லஸ், ˈகேர்-லஸ்-நஸ். இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. 'மென்ட்' பிரெஞ்சு வழியாக வந்தது, ஆனாலும் சாதுவாகவே இருக்கிறது.

இரண்டாவது சாதிதான் வம்பு. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு வழியாக வந்த இக், இட்டி, ஷன், ஷியன், ஷல், லஜி, கிரஃபி, இஃபை போன்றவை. இவை அழுத்தத்தைத் தங்களுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே வந்தன. பின்னால் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேராகவே அள்ளிப் போட்டார்கள். அந்தச் சொற்கள் தங்கள் அழுத்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. ஒரே மொழிக்குள் இரண்டு அழுத்த விதிகள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

'இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். இ-ˈகா-ன-மி என்ற சொல் ஈ-க-ˈநா-மிக் ஆகும். ˈஸை-அன்ஸ், ஸை-அன்-ˈடி-ஃபிக். 'ஷன்' வந்தாலும் அப்படியே: எ-ஜு-ˈகே-ஷன். 'இட்டி' வந்தால் அந்த வால் இரண்டு அசை என்பதால் அதற்குச் சற்று முன்னால், கடைசியிலிருந்து மூன்றாவது அசையில்: இ-லெக்-ˈட்ரி-ஸி-டி. 'லஜி', 'கிரஃபி' இரண்டுக்கும் இதே கணக்கு. பை-ˈஆ-ல-ஜி, ஃப-ˈடாக்-ர-ஃபி. 'ஏட்' என்று முடியும் நீளமான வினைச்சொற்களிலும் கடைசியிலிருந்து மூன்றாவதுதான்: க-ˈம்யூ-னி-கேட், அ-ˈப்ரீ-ஷி-யேட். இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. 'கிராஜுவேட்' வினையாக வந்தால் கடைசி அசை 'ஏட்' என்று தெளிவாக ஒலிக்கும், பட்டதாரியைக் குறிக்கும்போது 'அட்' என்று தேய்ந்துவிடும். 'எஸ்டிமேட்' அப்படித்தான். நாம் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்கிறோம்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. 'இக்' வாலை மீறும் சில சொற்கள்: ˈஆர்-ஸ-னிக், ˈபா-ல-டிக்ஸ், ˈலூ-ன-டிக், அ-ˈரித்-ம-டிக். கையளவுதான், மனப்பாடம் செய்துவிடலாம்.

மூன்றாவது சாதி அழுத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் வால்: எஞ்-ச-ˈநியர், வா-லன்-ˈடியர், ஜாப்-ப-ˈனீஸ், சி-க-ˈரெட். நம் ஊரில் எஞ்சினியரிங் கல்லூரி இல்லாத மாவட்டம் அபூர்வம், ஆனால் கடைசியில் அழுத்தி 'எஞ்சˈநியர்' என்று சொல்பவரைப் பார்ப்பது அதைவிட அபூர்வம்.

ஆறு ஏழு அசை உள்ள சொற்களில் ஓர் அழுத்தம் போதாது. முதன்மை அழுத்தத்துக்கு இடப்பக்கமாக ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒன்று, லேசான துணை அழுத்தங்கள் விழும். 'இன்காம்ப்ரிஹென்ஸிபிலிட்டி' என்ற பயமுறுத்தும் சொல்லை எடுங்கள். புரிந்துகொள்ள முடியாத தன்மை என்று பொருள். எட்டு அசை. வால் 'இட்டி', ஆகவே முதன்மை அழுத்தம் 'பி' மேல். இடப்பக்கம் போனால் 'ஹென்' லேசாக எழும், அதற்கும் இடப்பக்கம் உள்ள 'காம்' இன்னும் லேசாக. மற்றவை எல்லாம் மங்கல். இப்படி மூன்று மேடு கிடைத்தவுடன் வாய் எட்டு அசையையும் தட்டாமல் தாண்டிவிடும்.

இந்த மேடு பள்ளம் இலக்கண ஆசிரியர்களின் கற்பனை இல்லை என்பதற்கு ஆங்கிலேயரின் வசவே சாட்சி. 'அப்ஸொலூட்லி' என்ற சொல்லுக்கு நடுவே எரிச்சலாக ஒரு 'ப்ளடி'யைச் செருகி 'அப்ஸொ-ப்ளடி-லூட்லி' என்பார்கள். செருகல் பெரும்பாலும் முதன்மை அழுத்தம் உள்ள அசைக்கு முன்னால்தான் விழும். 'அப்-ப்ளடி-ஸொலூட்லி' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இனிப் பொருள் பிரிப்பு. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. 'நடந்தனன்' என்பதை நட, த், த், அன், அன் என்று பிரித்து, முதல் த் ந் ஆனது விகாரம் என்று பரீட்சையில் எழுதியவர்கள்தானே நாம். பகுதி, விகுதி, சந்தி, விகாரம் எல்லாம் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஒரு வித்தியாசம், அங்கே முன்னாலும் ஒட்டும். மேலே சொன்ன எட்டு அசைச் சொல்லை அப்படி உடைத்தால்: இன் என்றால் இல்லை, காம் என்றால் சேர்த்து, ப்ரிஹென்ஸ் என்றால் பிடித்தல், இபில் என்றால் முடியும், இட்டி என்றால் தன்மை. இதில் 'இபில்' என்பது நமக்குத் தெரிந்த 'இபிள்' விகுதிதான், பின்னால் இன்னொன்று ஒட்டியதால் உருமாறி நிற்கிறது.

பொருள் பிரிப்பால் உடனடியாகக் கிடைக்கும் லாபம் ஸ்பெல்லிங். 'அகாமடேட்' என்ற சொல்லில் எத்தனை சி, எத்தனை எம் என்று தடுமாறாதவர் குறைவு. கூறுகளாகப் பாருங்கள்: ஆட், காம், மோட், ஏட். 'ஆட்' முன்னொட்டின் டி எழுத்து அடுத்து வரும் சி-யோடு புணர்ந்து தானும் சி ஆனது, ஆகவே இரண்டு சி. 'காம்' எம்மில் முடிகிறது, 'மோட்' எம்மில் தொடங்குகிறது, ஆகவே இரண்டு எம். நிலைமொழி ஈறு வருமொழி முதலுக்கு ஏற்பத் திரிவது என்று நாம் படித்ததுதான். இல்லை என்ற பொருள் தரும் 'இன்', பி எழுத்துக்கு முன் 'இம்' ஆவதும் (இம்பாஸிபிள்), எல்லுக்கு முன் 'இல்' ஆவதும் (இல்லீகல்), ஆருக்கு முன் 'இர்' ஆவதும் (இர்ரெகுலர்) இதே வேலை. 'டிஸப்பாயின்ட்' சொல்லுக்கு ஒரே எஸ், ஏனென்றால் டிஸ், அப்பாயின்ட். 'டிஸ்ஸாட்டிஸ்ஃபைட்' சொல்லுக்கு இரண்டு எஸ், ஏனென்றால் டிஸ், ஸாட்டிஸ்ஃபைட். 'கவர்ன்மென்ட்' நடுவில் காதுக்கு எட்டாத அந்த என், 'கவர்ன்' என்ற பகுதியின் கடைசி எழுத்து.

ஆங்கில ஸ்பெல்லிங் பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எலெக்ட்ரிக், எலெக்ட்ரிஸிட்டி, எலெக்ட்ரிஷியன் மூன்றையும் பாருங்கள். ஒரே சி எழுத்து, க் என்றும் ஸ் என்றும் ஷ் என்றும் ஒலிக்கிறது. ஒலிப்படி எழுதியிருந்தால் மூன்றும் ஒரே குடும்பம் என்று கண்ணுக்குத் தெரியாது. 'நேஷன்', 'நாஷனல்' இரண்டிலும் முதல் உயிர் வேறு, எழுத்து ஒன்றே. 'ஸைன்' சொல்லில் ஊமையாக நிற்கும் ஜி, 'ஸிக்னச்சர்' சொல்லில் வாய் திறந்துவிடும். நீண்ட சொற்களில் ஆங்கில எழுத்து ஒலியைவிடப் பொருள் கூறுக்கே விசுவாசமாக இருக்கிறது.

மருத்துவத் துறையில் இது கைகண்ட வழி. 'ஓட்டோரைனோலாரிங்காலஜி' என்று பலகையில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங்கோ குரல்வளை, லஜி இயல். நாம் இ.என்.டி. என்று சொல்வதுதான். ஒன்பது அசை, வால் 'லஜி', அழுத்தம் 'கா' மேல். அகராதியிலேயே மிக நீளம் என்று காட்டப்படும் நாற்பத்தைந்து எழுத்துச் சொல் ஒன்று உண்டு, நுரையீரலில் சிலிக்கா தூசி படியும் நோயின் பெயர். அது 1935-இல் அமெரிக்கப் புதிர் விரும்பிகள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே உருவாக்கியது. மருத்துவர்கள் சிலிகோஸிஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை.

பொருள் பிரிப்பில் பள்ளமும் உண்டு. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். அந்த 'இன்' இல்லை என்ற பொருள் தரும் 'இன்' அல்ல, உள்ளே என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் 'இன்'. எளிதில் தீப்பற்றும் என்று அர்த்தம், தீப்பற்றாது என்று அல்ல. குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இப்போது 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதச் சொல்கிறார்கள். 'அன்லாக்கபிள்' இன்னொரு வேடிக்கை. அன்லாக், அபிள் என்று பிரித்தால் பூட்டைத் திறக்க முடியும். அன், லாக்கபிள் என்று பிரித்தால் பூட்டவே முடியாது.

தப்பாகப் பிரித்தே புதுச்சொல் பிறந்த கதையும் இருக்கிறது. 'ஹெலிகாப்டர்' கிரேக்கத்தில் ஹெலிகோ, ப்டெர். சுருள், இறக்கை. மக்கள் ஹெலி, காப்டர் என்று வெட்டினார்கள், ஹெலிபேட் வந்தது, ஹெலிபோர்ட் வந்தது. 'ஹாம்பர்கர்' ஜெர்மனியின் ஹாம்புர்க் நகரத்தின் பெயர். அதை ஹாம், பர்கர் என்று பிரித்ததால்தான் இன்று சீஸ்பர்கர், வெஜ் பர்கர் எல்லாம். இவற்றைத் திருத்திப் பயன் இல்லை, மொழி ஏற்றுக்கொண்டுவிட்டது.

அகராதியின் புள்ளிகளுக்கு வருகிறேன். தலைச்சொல்லுக்கு நடுவே இருக்கும் புள்ளிகளை அசை என்று நினைத்துத்தான் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான அமெரிக்க அகராதிகளில் அவை, வரி முடியும்போது எங்கே கோடு போட்டு உடைக்கலாம் என்பதற்கான அச்சகக் குறி. ஓர் எழுத்தைத் தனியாக விடக்கூடாது என்ற வழக்கம் இருப்பதால் இரண்டசையுள்ள 'அகெய்ன்' போன்ற சொல்லில் புள்ளியே இருக்காது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒலியைப் பார்த்து உடைப்பார்கள், பழைய பிரிட்டிஷ் அச்சு வழக்கம் பொருள் கூறைப் பார்க்கும். 'நாலெட்ஜ்' சொல்லில் அமெரிக்கர் எல் எழுத்தை முன்பாதியில் வைப்பார், பிரிட்டிஷ்காரர் அறிதல் என்ற பகுதியைச் சிதைக்காமல் எல்லைப் பின்பாதிக்குத் தள்ளுவார்.

இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றபோது நடந்தது எனக்குப் பிடித்த விஷயம். கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்தின் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக அவருடைய மாணவர் ஃப்ராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் இதையே ஆய்வேடாக எழுதினார். 4447 எழுத்துக் கோலங்களை, அதாவது சில எழுத்துகள் சேர்ந்து வரும் மாதிரிகளை, வைத்தே ஆங்கிலச் சொற்களை உடைக்கவைத்தார். கோலத்துக்கு அடங்காமல் தனியாகப் பட்டியல் போட வேண்டிவந்தவை வெறும் 14. அந்தப் பதினான்கில் 'ப்ரசென்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும் உண்டு, எங்கேயும் உடைக்காதே என்ற கட்டளையோடு. காரணம் அழுத்தம்தான். பெயர்ச்சொல்லானால் ˈப்ரெஸ்-அன்ட், வினையானால் ப்ரி-ˈஸென்ட். எழுத்து ஒன்றே, உடையும் இடம் வேறு. பொருள் தெரியாத கணினி எங்கே உடைக்கும்?

கடைசியாக அந்த ஏழு வயதுப் பெண். கைதட்டி எண்ணுவது நல்லதுதான், சொல்லைத் துண்டுகளாகக் கேட்கும் பழக்கம் வரும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். அவள் ஃபிலிமுக்கு இரண்டு தட்டு, பஸ்ஸுக்கு இரண்டு தட்டு தட்டினால், தட்டுவது தமிழ் அசையை. கேட்டுத் தட்டவேண்டும், எழுத்தைப் பார்த்தோ நம் வழக்கத்தை நினைத்தோ அல்ல. இரண்டாவது, எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. அப்படித் தட்டிப் பழகினால் நாம் பேசும் சமதளமான ஆங்கிலம்தான் அவளுக்கும் வரும். அழுத்தமான அசைக்குப் பெரிய தட்டு, மற்றதற்கு ஒரு விரல் போதும். அல்லது ஒரு ரப்பர் பேண்டைக் கையில் கொடுத்து அழுத்தமான அசையில் மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். நீளமாக ஒலிக்கவேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

பின்னொட்டு விதியெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குச் சமையலறைச் சொற்களே போதும்: ப-ˈனா-னா, ட-ˈமா-டோ, ப-ˈடே-டோ. மூன்றிலும் மூன்று அசை, இழுப்பு நடுவில். வெஜிடபிளை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். அதற்கும் மூன்று அசைதான், ஆனால் இழுப்பு முதலில்.